துண்டுக்கு அடியில் ஒரு கை

யார் என்ன சொன்னாலும் உடனே நம்புகிற வழக்கம் உத்திராபதிக்குக் கிடையாது. காட்டுமன்னார்கோயில் சுற்றுவட்டாரச் சந்தைகளில் முப்பத்தைந்து வருடமாக மாட்டுத் தரகு பார்க்கிறவர். விற்கிறவன் மாட்டைப் புகழப் புகழ, இவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். நல்ல மாடாகவே இருந்தாலும் "பரவால்ல" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

தங்கை சௌந்தரத்தின் புருஷன் சடையப்பனுக்கும் அதே தொழில்தான். வாங்குகிறவன் பக்கம் ஒருவர், விற்கிறவன் பக்கம் ஒருவர் என்று எதிரெதிரே நின்று, கைகளின் மேல் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அது கேட்கிற விலை. சம்மதமென்றால் எதிர்க்கை லேசாக ஓர் அழுத்து அழுத்தும். இல்லையென்றால் சும்மா கிடக்கும். அதுவரை பிடித்த விரலை விடாமல் காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்துவது மரியாதை இல்லை.

வீராணம் ஏரிக்கரை ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் பைக் சறுக்கி, சடையப்பன் மண்டையில் அடிபட்டு விழுந்து நாற்பது நாளாகியிருந்தது. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். தொண்டையில் குழாய். கண் திறந்திருந்தது, பார்வை எதிலும் நிற்கவில்லை. டாக்டர் தினமும் காலையில் வந்து கையைப் பிடியுங்கள், கண்ணை மூடுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை. கடலூரில் கம்பெனி வேலையிலிருந்த மகன் இளவரசு, வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவெடுத்தான். வீட்டில் குழாயிலிருந்து சளி எடுக்க ஆளும் இல்லை, மெஷினும் இல்லை. கொண்டுபோவது எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்.

வியாழன் மதியம் உத்திராபதி கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். ஏசிக் குளிரில் சடையப்பனின் கை சில்லிட்டிருந்ததால் தன் துண்டை எடுத்து அதன் மேல் போட்டார். போட்டதும், பழக்க தோஷத்தில் அவர் கையும் உள்ளே போனது. மூன்று விரலைப் பிடித்தார். பிடித்தவர் விடாமல் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, கையை எடுக்கப் போகிற சமயத்தில், விரல்கள் ஓர் அழுத்து அழுத்தின.

அவர் சந்தோஷப்படவில்லை. முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டார். வியாபாரம் முடியவேண்டுமே என்று தவிக்கிற தரகனுக்கு, எதிர்க்கை அசையும் முன்பே அசைந்த மாதிரி இருக்கும். அப்படி ஏமாந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தானும் ஏமாந்திருக்கிறார்.

இதை அப்படியே டாக்டர் வெண்மதியிடம் போய்ச் சொன்னார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் பிடித்திருந்தீர்கள் என்று கேட்டார். ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும் என்றார் இவர். தான் பத்து விநாடிதான் காத்திருப்பதாக டாக்டர் சொன்னார். இப்படிக் கிடப்பவர்களில் சிலருக்கு உள்ளே நினைவு இருக்கும், உடம்புதான் சொன்னபடி கேட்காது என்றார். அதே மூச்சில், ஆசைப்படுகிறவர்களின் கை பொய் சொல்வதும் உண்டு என்றார். இரண்டாவதாகச் சொன்னதற்காகவே உத்திராபதிக்கு அவர்மேல் மதிப்பு வந்தது.

விரல் பிடிக்கிற உத்திராபதிக்கே விடை தெரியாதபடி சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. உத்திராபதி வராந்தாவில் நிற்க வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஏதாவது ஒரு எண்ணை, இதுதான் விலை என்று சௌந்தரம் புருஷன் காதில் சொல்வாள். டாக்டர் அதைக் குறித்து வைத்துக்கொள்வார். பிறகு இவர் உள்ளே வந்து துண்டைப் போட்டு ஒரு விரல், இரண்டு விரல் என்று பிடித்துக்கொண்டே போக வேண்டும். அழுத்தம் எதில் வருகிறதோ அதைச் சொல்ல வேண்டும்.

முதல் தடவை இரண்டில் அழுத்தியது. தாளிலும் இரண்டு. அடுத்தது நான்கு, அதுவும் சரி. மூன்றாம் தடவை ஐந்துவரை போயும் கை அசையவில்லை. கடைசித் தடவை ஒன்றில் அழுத்தியது. சௌந்தரம் சொன்னதோ மூன்று. அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

இதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். காலையில் திரும்பவும் செய்யலாம், தலையில் ஒயர் வைத்து, கையை மடக்குவதாக நினைக்கச் சொல்லி மூளை பதில் தருகிறதா என்றும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். வீட்டுக்குக் கொண்டுபோகக் கையெழுத்துப் போட வேண்டிய தாளோடு இளவரசு நின்றான்.

"மாமா, டாக்டர வுடுங்க. நீங்க சொல்லுங்க. அப்பா உள்ள இருக்காரா?"

"நாலுக்கு ரெண்டுடா. இத நம்பி நான் ஒரு மாட்டக் கைமாத்த மாட்டேன்." அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "செத்துப்போச்சுன்னு தோலுரிக்கவும் மாட்டேன்."

"அவரப் போயி மாடுங்கிறியே அண்ணே," என்றாள் சௌந்தரம். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இளவரசு தாளைக் கையெழுத்தில்லாமலே நர்ஸிடம் திருப்பிக் கொடுக்கப் போனான். சௌந்தரமும் முகம் கழுவ எழுந்து போனாள்.

தனியாக இருந்தபோதுதான் உத்திராபதிக்கு அது உறைத்தது. இந்தக் கட்டிலைச் சுற்றி நின்று நாற்பது நாளாக என்னென்ன பேசினார்கள். போன ஞாயிறு, பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் கட்டிலின் கால்மாட்டில் நின்று, இது வெறும் உடம்பு, ஆள் போய் நாளாச்சு, எங்கே கொளுத்துவது என்று மட்டும் பேசுங்கள் என்று அவரேதான் சொன்னார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

குனிந்து சடையப்பனின் காதருகே போனார்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம நான் பேசுனது ஒனக்குக் கேட்டுச்சா?"

துண்டை இழுத்து மூடி, ஒரு விரலைப் பிடித்தார். இந்த ஒரு தடவை மட்டும் கை சும்மா கிடந்துவிடாதா என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் விரலை விடவில்லை.