பூஜையில் வைத்த மடக்கு ஸ்டாண்டு

பிள்ளைகளே, நான் எட்டாவது வரை படித்தவன். அசோக் நகரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் நாளைக்கு ஏதாவது புதிதாகச் செய்தால் நான் செய்த தவறைச் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நொச்சிக்குப்பத்தில் நாம் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா, தரையில் குந்தி மீன் வெட்டி முதுகுவலியில் அவதிப்பட்டார். அவருக்காக ஒரு ஸ்டாண்டு செய்தேன். அரிவாள்மனையை அதில் பொருத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வெட்டலாம். வேலை முடிந்ததும் மடக்கினால் பெட்டி மாதிரி தூக்கிக்கொண்டு போகலாம். அந்த வடிவம் வருவதற்குள் நான்கு தடவை அறுத்துப் பற்றவைத்தேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அது முடிந்தது. புதிதாகச் செய்ததைப் பூஜையில் வைக்காமல் பட்டறையை விட்டு அனுப்ப எனக்கு மனம் வராது. சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, வாசலில் வைத்தேன். பொரி வாங்க வந்தவர்கள் எல்லாம் மடக்கியும் விரித்தும் பார்த்தார்கள். நானே வீடியோ எடுத்து ஸ்டேட்டஸிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டேன்.

அக்கா அதில் ஒரு வஞ்சிரத்தை வெட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, ஆபீசர் மாதிரி உக்கார வெச்சிட்ட. இனிமே பேரம் பேசுறவங்க நின்னுகினுதான் பேசணும்" என்றார்.

மூன்று மாதம் கழித்து அவரே போன் செய்தார். "தி.நகர்ல ஒரு கடையில உன் ஸ்டாண்ட அடுக்கி வெச்சிகீறாங்க. சொல்லவே இல்லியே?"

போய்ப் பார்த்தேன். மடக்கும் இடத்தில் நான் கொடுத்த வளைவுகூட அப்படியே இருந்தது. கடைக்காரர், "உங்களுதுன்னு பேப்பர் இருந்தா கொண்டாங்க பாஸ், எடுத்துடறேன்" என்றார்.

மயிலாப்பூரில் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். பூஜை வீடியோவைக் காட்டினேன். தேதியோடு இருப்பதால் அதுவே சாட்சி என்று நினைத்திருந்தேன்.

"இந்த வீடியோவே உங்களுக்கு எதிரா நிக்கும்" என்றார் அவர். "பொருளோட தோற்றத்துக்கு டிசைன் பதிவு. அது வேலை செய்யற விதத்துக்கு பேடன்ட். ரெண்டுக்கும், ஊருக்குக் காட்டறதுக்கு முன்னாடியே மனு போடணும். காட்டிட்டா புதுசு இல்லேன்னு ஆயிடும்."

"சாமிக்குத்தானேம்மா காட்டினேன்."

"சாமி பார்த்தா பரவாயில்லைங்க. ஃபேஸ்புக்ல பார்த்தவங்கதான் பிரச்சினை."

ஸ்டாண்டில் நான் பொறித்திருந்த மீன் முத்திரையை மட்டும் டிரேட்மார்க்காகப் பதிவு செய்யலாம் என்றார். அதற்கு மனு போட்டோம். தி.நகர் ஸ்டாண்டில் அந்த முத்திரை இல்லை. அவர்கள் இன்றும் விற்கிறார்கள். தடுக்க எனக்கு வழியில்லை.

இந்த வருஷம் அக்காவுக்காகச் சக்கரம் வைத்த ஐஸ் பெட்டி ஒன்று செய்தேன். ஆயுத பூஜை வந்தபோது வக்கீலம்மா இன்னும் மனுவை எழுதிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பட்டறைக்குள் தள்ளி, சாக்கு போட்டு மூடினேன்.

"அத மட்டும் ஏன் மூடி வெச்சிகீற? சாமி கோச்சிக்கப் போவுது" என்றாள் உங்கள் அம்மா.

சாக்கை விலக்காமல் அதன் மேலேயே குங்குமம் வைத்தேன். மனு எண் வந்த அன்றுதான் சாக்கை எடுத்தேன். பிறகு அக்காவுக்குப் போன் செய்து, வந்து பார்க்கச் சொன்னேன்.