வில்லன் பேசும் தமிழ்

இன்று திருச்சானூரிலிருந்து திருப்பதிக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டில் என் மகளும், அவளோடு காலேஜில் படிக்கும் சென்னைப் பெண்ணும்.

புதுப் படம் எப்படி என்று அந்தப் பெண் கேட்டாள்.

"செம படம்டி, கண்டிப்பா பாரு. வில்லன்தான் சூப்பர். 'துன்னுட்டியா?'ன்னு கேட்டுட்டே வெட்டுவான். தியேட்டரே சிரிச்சுது."

"துன்னுட்டியாவா?" அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"ஆமாடி. அப்படியே எங்க நைனா பேசற மாதிரி இருக்கும்."

அப்பா நான் முன்னால் இருப்பது மகளுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சட்டென்று பரீட்சை பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

காலையில் அவள் கிளம்பும்போது, சாப்பிட்டாளா என்று நான் கேட்டதும் அதே வார்த்தையில்தான். "துன்னுட்டியாம்மா?"

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். ஆட்டோ சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்க கீறீங்க?"

'போய்க்கினு கீறோம்' என்பது நாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "போய்க்கொண்டிருக்கிறோம்" என்றேன்.

"யாருங்க பேசறது? போனை அவருகிட்ட குடுங்க" என்றாள்.

பின்சீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

படம் பார்த்தவர்கள் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த வில்லனுக்கு மகள் இருக்கிறாளா?