காப்புக் கட்டிய ஊரிலிருந்து சிம்மக்கல்லுக்கு: ஒரு கடைவாய்ப் பல்லின் பயணம்

எங்கள் ஊர் மேலூருக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டர். பங்குனித் திருவிழா முடிந்த மறுநாள், எட்டு வயதுப் பேத்தி தர்ஷினியை மதுரை சிம்மக்கல்லில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போய் வந்தேன். பிள்ளைகளின் பல்லுக்காக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் முத்துமாரி எழுதுகிறாள். என் மகனைப் பற்றிச் சொல்வதையும் மாற்றாமல்தான் எழுதுகிறாள்.

தை மாதம் பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் டாக்டர் தர்ஷினியின் கீழ்க் கடைவாயில் சொத்தை பார்த்தார். நிலைத்த பல், உடனே அடைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மகன் செல்வம் சிரித்தான். "பால் பல்லுப்பா. தானா விழுந்துரும். இதுக்குப் போயி மதுரைக்கு ஓடவா?"

அது பால் பல் இல்லை. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமல், எல்லாவற்றுக்கும் பின்னால் புதிதாக முளைத்தது. ஈறு அரிக்கிறது என்று அவள் என் விரலைக் கடித்தது எனக்கு நினைவிருக்கிறது. சொன்னேன். யார் கேட்டார்கள்?

பங்குனியில் வலி வந்தது. அதற்குள் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் வெளியூரில் இரவு தங்கக் கூடாது, அவ்வளவுதான் முறை. காலையில் போய் மாலையில் திரும்பலாம். செல்வம் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தான். "ரத்தம் சிந்துற வேலையெல்லாம் காப்ப அவுத்த பொறவு" என்று புது முறை ஒன்று சொன்னான். அதே திருவிழாவில் பதினோரு கிடா வெட்டினோம். அது ரத்தக் கணக்கில் வராது போலிருக்கிறது.

பிள்ளை கிராம்பைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கன்னம் வீங்கியது. முத்துமாரி மஞ்சள் பற்றுப் போட்டாள்.

திருவிழா முடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு நானும் அவளும் மேலூரில் பஸ் ஏறினோம். எனக்கு முழு டிக்கெட், அவளுக்கு அரை, இரண்டும் நாற்பது ரூபாய். கண்டக்டர் அவள் கன்னத்தைப் பார்த்தார். "என்ன பெருசு, பாப்பா வாயில கொழுக்கட்டையா?"

"சொத்தப் பல்லுய்யா. நீங்க வேற."

"அட, விடுங்க. பால் பல்லுதானே?"

மாட்டுத்தாவணி வரை முக்கால் மணி நேரம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சிம்மக்கல். டாக்டரம்மா ஒன்பதரைக்குத்தான் வருவார், ஆனால் எட்டரைக்கே டோக்கன் வாங்கிவிடுங்கள்.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். "பாதிப் பல்லு உடைஞ்சு போச்சு தாத்தா. வேர்ல சீழ். தை மாசமே வந்திருந்தா அடைச்சிருக்கலாம்."

"எப்படியாச்சும் காப்பாத்திருங்கம்மா."

"நிக்காது தாத்தா. எடுத்துத்தான் ஆகணும்."

தர்ஷினி கேட்டாள்: "திரும்ப முளைக்குமா டாக்டர்?"

"இது முளைக்காதுடா தங்கம்."

மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். ஐந்நூறு ரூபாய். அடைத்திருந்தாலும் ஏறக்குறைய அதே செலவுதானாம்.

ஆறு வயதில் பின்னால் முளைப்பது பால் பல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சொத்தை வருமுன் அந்தப் பல்லின் பள்ளங்களில் ஒரு பூச்சுப் பூசி மூடிவிடலாமாம், டாக்டரைக் கேளுங்கள். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து இரவிலும் துலக்கவிடுங்கள். துலக்கிய பிறகு மிட்டாய், பால் எதுவும் வேண்டாம். பள்ளியில் சொல்லி அனுப்பினால் அந்த வாரமே போங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

மூன்று மணிக்கு வீடு திரும்பினோம். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் தர்ஷினி வாயைத் திறந்து பஞ்சு வைத்த பள்ளத்தைக் காட்டினாள். செல்வம் வந்து, "எங்க, அப்பாவுக்குக் காட்டு ஆத்தா" என்றான்.

அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். இன்றுவரை அவனுக்குத் திறக்கவில்லை.