கதிரையில் ஓட்டிய வான்

அக்கா வீட்டு விறாந்தையில் கைப்பிடி வைத்த அந்த மரக் கதிரை இன்னும் கிடக்கிறது. அதன் முன்னால் நிலத்தில் மூன்று பலகைத் துண்டுகள். இடப்பக்கத்தில், மண் நிரப்பிய பால்மாத் தகர ரின்னில் நட்ட அகப்பைக் காம்பு. கிளச், பிரேக், அக்சிலேற்றர், கியர். அத்தான் அவளுக்கு வான் ஓட்டப் பழக்கியது இந்தக் கதிரையில்தான்.

அத்தான் அச்சுவேலியில் ஹயர் வான் ஓட்டியவர். சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்கக் கிழமை தவறாமல் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தபோது, வான் முற்றத்தில் சும்மா நின்றது. பஸ்ஸில் போய்வந்தால் ஆள் துவண்டுவிடுவார். நானே ஓட்டுகிறேன் என்றாள் அக்கா. சனம் கூடின சந்தியில் சைக்கிளையே இறங்கி உருட்டுகிறவள். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் சிரிக்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே பலகைகளை வெட்டுவித்தார்.

முதலில் பலகையை மிதித்து, காம்பை இழுத்து, ஒவ்வொன்றையும் உரத்துச் சொல்லவேண்டும். "கிளச்சை மிதி, கியரைப் போடு, மெல்ல விடு" என்று அவள் கத்துவது ஒழுங்கைவரை கேட்கும். பலகையைத் தேடாமல் கால் போகத் தொடங்கியதும் பலகைகளை எடுத்துவிட்டார். வாயால் மட்டும் ஓட்டினாள். பிறகு சத்தத்தையும் நிறுத்தச் சொன்னார். உதடு மட்டும் அசைந்தது. அதற்கும் அவர் விடவில்லை. "உதெல்லாம் சொல்லிச் சொல்லி ஓடினால் றோட்டை ஆர் பாக்கிறது?" என்றார். கடைசியில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருப்பாள். அவர் கட்டிலில் இருந்து கேட்பார்: "இப்ப எங்கை நிக்கிறீர்?"

"கோப்பாய்ச் சந்தியப்பா. முன்னாலை பஸ் நிக்குது."

இருந்த இடத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் போலத்தான் இருக்கும். எனக்கோ அவர்கள் கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவ்வளவு கதைத்ததே இல்லை என்று தோன்றும்.

உண்மையான வானில் ஏறிய முதல் நாள், புத்தூர்ச் சந்தியில் திருப்புவதற்கு முன் அக்கா நிற்பாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் கோர்ன் அடித்துத் தள்ளினார்கள். "இஞ்சரும், கண்ணைத் திறவும். இது கதிரையில்லை" என்றார் அத்தான். அன்று கூடப்போன நானுமாக மூவரும் வயிறு நோகச் சிரித்தோம். லைசென்ஸ் எடுத்தபின் அவளே அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். பின் சீற்றில் என் தோளில் சாய்ந்திருந்து, கண் திறக்காமலே எங்கே நிற்கிறீர் என்று அவர் கேட்பார். அவள் பதில் சொல்வாள். அவள் பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன்னமே அவருடைய வலக்கால் வானின் தரையை அழுத்தும்.

இனி உடம்பு தாங்காது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று டொக்டர் சொன்ன நாளிலும் அவர் கேட்டார். கோப்பாயில் கேட்டார். நீர்வேலியில் கேட்டார். புத்தூர்ச் சந்தியில் அக்கா பிரேக் பிடித்தபோது அந்தக் கால் அசையவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. சொன்னால் அவள் ஓட்டம் பிழைத்துவிடும் என்று பயந்து, அவருடைய கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவளோ வானை ஒரு பிழையும் இல்லாமல் முற்றத்தில் கொண்டுவந்து விட்டாள். அவ்வளவு நன்றாக அவள் ஒருநாளும் ஓட்டியதில்லை.

அத்தானின் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த பிறகுதான் சொன்னாள். "அவர் கேக்கேல்லை எண்டவுடனை எனக்குத் தெரியும். நிப்பாட்டினால் உண்மையாய்ப் போயிடும் எண்டு ஓடிக்கொண்டு வந்தனான்."

வானை விற்றாயிற்று. பலகைகளை அவளே திரும்ப எடுத்து வைத்திருக்கிறாள். நேற்றுப் பின்னேரம் போனபோது கண்ணை மூடிக் கதிரையில் இருந்தாள். உதடு அசைந்தது, கால் பலகையை மிதித்தது. அத்தான் ஒவ்வொன்றாக நிறுத்தியதெல்லாம் ஒவ்வொன்றாக அவளிடம் திரும்பி வந்திருந்தது. பக்கத்தில் குந்தி, அவர் கேட்பது போலவே கேட்டேன்.

"எங்கை அக்கா நிக்கிறாய்?"

"நீர்வேலியடி" என்றாள். "மெல்லத்தான் ஓடுறன். வேகமாய் ஓடினால் புத்தூர் வந்திடும்."