தொக்கம்

செரிமானப் பாடம் நடத்தும் வாரம் வந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். வெள்ளிமலையில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். உணவுக்குழலைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, இது வெறும் ஓட்டைக் குழாய் இல்லை, சோறு இதில் தானாக விழுவதில்லை, குழலின் தசை மேலே இறுகிக் கீழே தளர்ந்து கவளத்தை உருட்டித் தள்ளுகிறது, தலைகீழாக நின்று விழுங்கினாலும் அது வயிற்றுக்குத்தான் போகும் என்று சொல்வேன். பிள்ளைகள் நம்பாமல் சிரிப்பார்கள். முன்பெல்லாம் நானும் கூடச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். காட்டிலிருந்து வந்தால் சோற்றுக் குண்டான் காலியாகும், அப்படிச் சாப்பிடுகிற ஆள். கடைவாயில் எந்நேரமும் புகையிலை அடக்கியிருப்பான். ஒரு வெட்டுக் காலத்தில் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். பிறகு கறியை ஒதுக்கினான். அதற்குப் பிறகு சோற்றைக் கையாலேயே கூழாக்கி உறிஞ்சினான். என்ன என்று கேட்டதற்கு நெஞ்சின் நடுவில் விரலை வைத்துக் காட்டினான்.

“இங்கதான் பாப்பா, அடச்சிக்கினு நிக்குது. தண்ணி குடிச்சாதான் எறங்குது.”

எங்கள் பக்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்றால் யாரும் ஆஸ்பத்திரியை நினைக்க மாட்டார்கள். தொக்கம் என்பார்கள். எப்போதோ தின்றது உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம். அதை வெளியே எடுப்பதற்கென்றே ஊருக்கு ஊர் ஆள் உண்டு. அண்ணி அவனை மணலூர்பேட்டைப் பக்கம் தொக்கம் எடுக்கிற ஒரு அம்மாவிடம் கூட்டிப்போனாள். சண்டை போடுவதற்காகவே நானும் கூடப் போனேன்.

அந்த அம்மா அவனை உட்காரவைத்து நெஞ்சிலிருந்து வயிறுவரை விளக்கெண்ணெய் தேய்த்து நீவிவிட்டாள். தொண்டைக்குழியில் ஒரு சின்னக் குழலை வைத்து, கன்னம் ஒட்ட உறிஞ்சி, தட்டில் துப்பினாள். சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு கறி விழுந்தது. போன வருஷத் திருவிழாக் கறி என்றாள். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் வியாதியையே கண்ணால் பார்த்துவிட்ட நிம்மதி அவன் முகத்தில் இருந்தது.

வெளியே வந்ததும் வெடித்தேன். “வயிறு இன்னா சும்மாத் தொங்கற பையா அண்ணி? உள்ள ஆசிட் ஊறுது. கறிய அப்படியே பெசஞ்சி கரைச்சிடும். ஒரு நாள் தாங்காத கறி, ஒரு வருஷமா எப்படி உள்ள கெடக்கும்? அந்தம்மா வாயிலியே வச்சினு இருந்து துப்புது.”

“கண்ணால பாத்துட்டு இல்லன்றியே பாப்பா. புக்குல இருக்கறது மட்டுந்தான் நெஜமா?”

என்னை வாயடைக்க வைத்தது அவள் பேச்சு இல்லை. அன்று இரவு அண்ணன் சாம்பாரில் ஊறிய இட்லியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். பயத்தில் இறுகிப்போன தசை நம்பிக்கையில் கொஞ்சம் தளர்ந்திருக்கும், ஊறிய இட்லி வழுக்கிக்கொண்டு போயிருக்கும். இதை யாரிடம் சொல்வது? “பாத்தியா” என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

அந்த ஒரு வேளை இட்லிக்காக மறுபடி மறுபடி போனார்கள். ஒவ்வொரு தடவையும் தட்டில் ஒரு துண்டு விழுந்தது. நான் கத்தினேன், பேசாமல் இருந்தேன், அழுதும் பார்த்தேன். “கத்தாத பாப்பா, இன்னும் கொஞ்சம் கீது, அதையும் எடுத்துட்டா சரியாப் பூடும்” என்பான். மழை முடிந்து அடுத்த வெட்டுக் காலம் வந்தபோது அரிவாளைத் தூக்கத் தெம்பில்லை. குடித்த தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வந்த அன்றுதான் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறச் சம்மதித்தான்.

வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உணவுக்குழல்ல கட்டி. ஒரு நூல் போற வழிதான் இருக்கு. ஈரலுக்கும் பரவிடுச்சிம்மா. அறுத்து எடுக்கிற கட்டத்தைத் தாண்டிடுச்சி.” போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். இரைப்பையில் ஒரு கோளாறும் இல்லையாம்.

அதுதான் பெரிய கொடுமை. வழி அடைத்துக் கிடக்கிறது என்று வயிற்றுக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு அமிலம் சுரந்தது, பிசைந்தது, பசித்தது. வயிற்றில் துளை போட்டு இரைப்பைக்கே நேராக ஒரு குழாய் வைத்தார்கள். பாலையும் வடித்த கஞ்சியையும் அண்ணி அதில் மெதுவாக ஊற்றுவாள். வயிறு நிரம்பும். “ரொம்பிடுச்சி, ஆனா சாப்ட்ட மாதிரியே இல்ல” என்பான். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் டம்ளரில் துப்பிக்கொண்டே இருந்தான். நாள் முழுக்க நினைவில்லாமலேயே விழுங்குகிறோமே எச்சில், அது எவ்வளவு என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கேட்டான். ஒரு துண்டை வெகுநேரம் மென்று சாற்றோடு துப்பிவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்றான். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பங்குனி வெயிலில் செத்துப்போனான். எலும்பின் மேல் தோல்தான் இருந்தது. குளிப்பாட்டிக் கிடத்தியதும் சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து வாய்க்கரிசி போட ஆரம்பித்தார்கள். எங்கள் சித்தி ஒருத்தி அழுதுகொண்டே பிடி அரிசியை அள்ளி அவன் வாயருகே கொண்டுபோனாள். தலைமாட்டில் கல்லாக உட்கார்ந்திருந்த அண்ணி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

“கொஞ்சமா போடுங்க அத்த. அவருக்கு எறங்காது.”

சித்தி பிடியைத் தளர்த்தினாள். என் முறை வந்தபோது கையிலிருந்த அரிசியில் இரண்டு மூன்று மணிகளை மட்டும் எடுத்து அண்ணன் உதட்டில் வைத்தேன்.