செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளி

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் சின்ன டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டர் உள்ளே பல்லைப் பிடுங்குவார். இவள் வெளியே மீனைப் பார்ப்பாள். போன் அடித்தால் எடுத்து, "பல்லுக்கா, மீனுக்கா?" என்று கேட்பாள். பல்லுக்கு என்றால் நேரம் குறித்துக் கொடுப்பாள். மீனுக்கு என்றால் குரலே மாறிவிடும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கிவிடுவாள். பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டியதுதான்.

எல்லாம் காத்திருப்பு அறையிலிருந்த நாலடித் தொட்டியால் வந்த வினை. வருகிறவர்களின் பயம் தெளியட்டும் என்று பெரிய டாக்டர் வாங்கி வைத்தார். முதல் மாதமே மீன்கள் ஒவ்வொன்றாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. "இங்க மீனே பிழைக்கல, நான் எங்க பிழைக்கறது?" என்று ஒருவர் பாதி வலியோடு எழுந்து போய்விட்டார். அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு வீம்பு. கிடைத்ததையெல்லாம் படித்தாள், மீன் கடைக்காரரைத் துளைத்தெடுத்தாள், தினமும் எட்டு மணி நேரம் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தாள். அப்படிப் பதினோரு வருடம் பார்த்தால் யாருக்குத்தான் வைத்தியம் வராது?

மாலையில் வேலை முடிந்ததும் வீடுவீடாகப் போவாள். போனதும் ஒரு நாற்காலி கேட்பாள். தொட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் வாயே திறக்கமாட்டாள். புது ஆளைப் பார்த்தால் மீன் தீனிக்கு ஓடி வரும், இல்லையென்றால் ஓடி ஒளியும். ஆள் இருப்பதையே அது மறந்த பிறகுதான் நோய் வெளியே வரும் என்பது அவள் கட்சி. துடுப்பை உடம்போடு ஒட்டிவைத்திருக்கிறதா, கல்லில் போய் உரசுகிறதா, மேலே வந்து காற்றுக்கு வாயைப் பிளக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு தண்ணீரில் விரலை விட்டு மோந்து பார்ப்பாள். கடைசியாக ஒரு கேள்வி: "யாரு தீனி போடறது?"

இந்தக் கேள்வியில்தான் பாதி வீடுகளின் குட்டு உடையும். அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். தோண்டித் துருவினால் காலையில் கணவன், மத்தியானம் மனைவி, சாயங்காலம் மாமியார் என்று மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் போட்டுக்கொண்டிருப்பார்கள். மீன் என்ன செய்யும் பாவம், வயிறு உப்பித் தலைகீழாக நிற்கும். "மூணு நாள் பட்டினி போடுங்க. மீனை மட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள். நாலாம் நாள் மீன் நேராக நீந்தும். அவள் பெயர் இன்னும் இரண்டு தெருவுக்குப் பரவும்.

இப்படிப் பெயர் எடுத்தவளுக்கு அடி சறுக்கிய இடம் சொந்த அக்கா வீடு.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. இருந்ததெல்லாம் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு தங்கமீன். ஐந்து வருடம் வளர்த்தது. அக்கா சமையலறைக்குப் போனால் அந்தப் பக்கக் கண்ணாடியில் வந்து நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதன் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் வந்தன. சின்ன டாக்டர் வந்தாள். அன்றைக்கு அவசரம், இன்னும் இரண்டு வீடு பாக்கி. நாற்காலி கேட்கவில்லை. நின்ற வாக்கிலேயே, "வெள்ளைப் புள்ளி நோய், அக்கா. ஒட்டுண்ணி" என்றாள். ஹீட்டர் போட்டுத் தண்ணீரைச் சூடாக்கினாள், உப்பைக் கரைத்தாள், மருந்தை ஊற்றினாள். புள்ளி போகவில்லை. சூட்டை ஏற்றினாள், மருந்தை இரட்டிப்பாக்கினாள். அப்போதும் போகவில்லை. ஐந்தாம் நாள் மீன் போய்விட்டது.

அக்கா கண்ணீரோடு ஏன் என்று கேட்டபோது, சின்ன டாக்டருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "தீனி கொஞ்சம் அதிகமா போட்டிருப்பேக்கா. அதுல தண்ணி கெட்டுப்போயிருக்கும்" என்றாள்.

அக்கா அதை அப்படியே நம்பினாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அதன் பிறகு ஒரு மணிப்ளாண்ட் தொட்டி கொடுத்தால்கூட வாங்கமாட்டாள். "என் கையில எதுவும் தங்காதுடி" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

எட்டு மாதம் கழித்து மருத்துவமனைத் தொட்டியிலேயே ஒரு தங்கமீனுக்கு அதே புள்ளி வந்தது. அதே செவுள் மூடி. பக்கத் துடுப்பின் முன்விளிம்பில் வரிசையாக இன்னும் நாலைந்து. சின்ன டாக்டர் பதறிப்போய் மீன் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது வியாதி இல்லம்மா. ஆண் மீன் பருவத்துக்கு வந்திருக்கு. பொண்ணைத் துரத்தற காலத்துல இப்படித்தான் வரும், தானா போயிடும். வியாதின்னா உடம்பு, வால் எல்லாம் உப்பைத் தூவின மாதிரி இருக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும், சும்மா கேட்டேன்" என்றாள் சின்ன டாக்டர். நன்றாக இருந்த மீனை மருந்து ஊற்றிக் கொன்றது தான். பழியைச் சுமப்பது அக்கா. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

போன வாரம் வரவேற்பு மேசைப் போன் அடித்தது. "பல்லுக்கா, மீனுக்கா?"

"மீனுக்குடி" என்றாள் அக்கா.

அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த கையோடு ஒரு தங்கமீன் வாங்கி வந்திருந்தார். நாலு மாதமாகிறதாம். அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. "மறுபடியும் அதே புள்ளிடி. அதே இடத்துல. சீக்கிரம் வா."

சின்ன டாக்டர் போனாள். இந்த முறை நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். உட்கார வேண்டிய அவசியமே இல்லை. வாசலில் நுழையும்போதே தெரிந்துவிட்டது. மீன் ராஜா மாதிரி வளைய வந்துகொண்டிருந்தது. துடுப்பெல்லாம் விரிந்திருந்தது, எதிலும் உரசவில்லை. செவுள் மூடியில் மட்டும் வரிசையாக ஏழெட்டுப் புள்ளி. பத்து நிமிடம் உட்கார்ந்தாள், மீனைப் பார்க்க அல்ல, தன்னைத் தேற்றிக்கொள்ள. பிறகு பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"யாரு தீனி போடறது?"

"உன் அத்தான்தான். நான் தொடவே இல்லடி" என்று அக்கா அவசரமாகச் சொன்னாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டியிலிருந்து நாலடி தள்ளியே நின்றாள். "பக்கத்துலகூடப் போகல. வேணும்னா அவரைக் கேளு."

சின்ன டாக்டரின் பைக்குள் நீல மருந்துப் புட்டி ஒன்று இருந்தது. இரண்டு சொட்டு விட்டுவிட்டு வந்தால் போதும். சில வாரத்தில் புள்ளி தானாகப் போய்விடும். சின்ன டாக்டர் பிழைக்க வைத்தாள் என்று அக்காவே தெருவெல்லாம் சொல்லுவாள். கை பைக்குள் போகவும் போனது. புட்டியைத் தொட்டுவிட்டு வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

"அக்கா, இந்த மீனுக்கு ஒரு வியாதியும் இல்ல. ஆண் மீனுக்குத் துணை தேடற பருவத்துல இப்படித்தான் வரும்."

அக்காவின் முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல மெல்ல அந்த மலர்ச்சி வடிந்தது. "அப்போ... அதுக்கும் இதேதானே இருந்துச்சு?"

"இதேதான்."

"அதுக்கும் வியாதி இல்லையா?"

"இல்லக்கா. நான்தான் தப்பாப் பார்த்தேன். சூடும் மருந்தும் தாங்காமத்தான் போச்சு. நீ போட்ட தீனியில ஒரு தப்பும் இல்ல. எனக்கு இது தெரிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சொல்ல தைரியம் இல்ல."

அத்தான் செய்தித்தாளைக் கீழே வைத்தார். அக்கா சின்ன வயதிலிருந்து தங்கை செய்த தப்புகளையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்து, நிற்க வைத்துத் திட்டினாள். நடுவில் அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டினாள். சின்ன டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அழுகை அவளுக்கும் வந்தது.

"ரெண்டு வருஷம்டி. எதைத் தொட்டாலும் செத்துடுமோன்னு பயந்துட்டு இருந்தேன். ரெண்டு வருஷம்!"

சொல்லிவிட்டு அக்கா அத்தான் பக்கம் கையை நீட்டினாள். "அந்த டப்பாவை இங்க கொடுங்க."

தொட்டியருகே போனாள். டப்பாவைத் திறந்தாள். ஒரு பிடி எடுத்துத் தூவினாள், இன்னொரு பிடி, அதற்கு மேல் இன்னொன்று. மீன் மேலே வந்து அவள் விரல்நுனி வரைக்கும் வாயை நீட்டியது. போட்டது மூன்று மீனுக்கான தீனி. ஒரு நாள் அதிகம் தின்றால் மீன் ஒன்றும் செத்துவிடாது. சின்ன டாக்டர் வாயைத் திறக்கவில்லை.