மனசாட்சிக்கு மறுதேர்வு

பாடத்துக்கு மார்க் போடுபவர் வாத்தியார். பண்புக்கு மார்க் போடுபவர் பாவப்பட்ட வாத்தியார். அந்த இரண்டாவது ரகத்தில், கடலூரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் சில வருடம் குப்பை கொட்டியவன் நான். 2006 வாக்கில். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் இடம் அது. தொழிலோடு நேரம் தவறாமை, தன்னம்பிக்கை, நேர்மை இத்யாதிகளை ‘வாழ்க்கைத் திறன்’ என்ற பெயரில் எல்லாத் தொழில் பிரிவுக்கும் ஒரே வகுப்பில் நான் ஊட்ட வேண்டும். ஊட்டியது உள்ளே இறங்கியதா என்று பத்துக்கு அளந்து மார்க்கும் போட வேண்டும். இப்படி எதையாவது அளந்து பிழைக்கிற அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

தனக்குத் தானே

மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே மார்க் போட்டுக்கொள்வது எங்கள் முறையில் முதல் கட்டம். குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் ஏசி மெக்கானிக் மாணவன் பாலாஜி, நேரம் தவறாமையில் தனக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தான். முதல் பீரியடில் அவன் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. கூப்பிட்டுக் கேட்டேன். துளிகூட அசரவில்லை.

“பஸ்ஸுதான் சார் லேட்டு. நான் கரெக்டாதான் ஏறுறேன்.”

எழுத்தில் தன்னம்பிக்கை

தன்னம்பிக்கைக்கு எழுத்துத் தேர்வு வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ‘தன்னம்பிக்கையின் பயன்களை விளக்குக’ என்று வைத்தேன். அதே பாலாஜி பக்கத்துப் பையனின் பேப்பரை எட்டி எட்டிப் பார்த்து விளக்கிக்கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடித்தேன்.

“எனக்கே தெரியும் சார். தப்பா இருந்துடுமோன்னு ஒரு பயம், அதான்.”

ஒருவருக்கொருவர்

அடுத்தது, சக மாணவர்கள் ஒருவருக்கொருவர் போடும் மார்க். “மனசாட்சிப்படி போடுங்க” என்று தொண்டை வற்ற முழங்கினேன். பிள்ளைகள் பின்வரிசையில் கூடிப் பேசி, நீ எனக்குப் பத்து, நான் உனக்குப் பத்து என்று சுமுகமாக முடித்துக்கொண்டார்கள்.

என் பேச்சை நம்பிய ஒரே ஜீவன் ஆரோக்கியமேரி. கடலூர் ஓ.டி. எனப்படும் பழைய நகரத்துப் பெண், நர்சிங் உதவியாளர் படிப்பு. பாலாஜிக்கு நேரம் தவறாமையில் இரண்டு போட்டாள். உயிர்த்தோழிக்கே ஆறுதான். பக்கத்தில் இருந்தவள் கேட்டபோது அதையும் மறைக்காமல் சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான். ‘பிறருடன் ஒத்துப்போதல்’ என்ற தலைப்பில் மொத்த வகுப்பும் அவளுக்கு முட்டை போட்டது. ஃபெயில். ஒரு தலைப்பில் தோற்றாலும் சான்றிதழ் கிடையாது.

சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. சான்றிதழுக்காக மாதக் கடைசிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா கடலுக்குப் போக முடியாமல் படுத்துவிட்ட வீடு, அந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தது. முதல்வர் அறைக்கு ஓடி, நேர்மையாக இருந்த குற்றத்துக்கு ஒரு பெண்ணைத் தோற்கடிப்பதா என்று கத்தினேன். அவர் மூக்குக் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார்.

“நேர்மையில முழு மார்க்கு குடுங்க, யாரு வேணாங்கறா? ஒத்துப்போறதுல ஃபெயிலுன்னா ஃபெயிலுதான்.”

மறுதேர்வு

விதிப்படி ஒரு வழி இருந்தது. வகுப்பு முழுவதும் மறுபடி ஒருவருக்கொருவர் மார்க் போடலாம். அதற்கு முந்தின நாளே மேரியைத் தனியாகக் கூப்பிட்டேன். மனசாட்சியைக் கொஞ்சம் ஓரமாக வை என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்கு மறுதேர்வு என்று மட்டும் சொன்னேன். அவளே தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் எல்லோருக்கும் பத்து போட்டாள். அன்றைக்கும் தாமதமாகத்தான் வந்தான் பாலாஜி, அவனுக்கும் பத்து. வகுப்பும் பெருந்தன்மையோடு அவளுக்குப் பத்து போட்டது. சான்றிதழைக் கொடுத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. அவள் சிரிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

“இப்பதான் சார் எனக்கு வாழ்க்கைத் திறன் வந்துருக்கு.”

அந்த வருடம் என் பாடத்தில் ஒருவர்கூடத் தோற்கவில்லை என்று முதல்வர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்; நானும் அவரோடு நன்றாக ஒத்துப்போய், சிரித்த முகமாகக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.